பெயர், பண்பு, பணி: வழங்கிக் கணுக்களின் வகைப்பாட்டு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நூற்றுக்கணக்கான வழங்கிகளைச் சிலர் மட்டுமே நிருவகிக்க வேண்டிய நிலை உருவானபோது இரு வினாக்கள் எழுந்தன. ஓர் இயந்திரம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது முதல் வினா. அவ்வகையைச் சேர்ந்த இயந்திரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது இரண்டாம் வினா. முன்னது வகைப்பாடு, பின்னது வரையறை. இவ்விரு செயல்களையும் நிரல்களிடம் ஒப்படைக்க 1980கள் முதல் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. இயந்திரத்துக்கு இடப்பட்ட பெயர், இயந்திரம் தானே அறிவிக்கும் பண்பு, நிருவாகி ஒப்படைக்கும் பணி ஆகிய மூன்றும் வகைப்பாட்டின் அடிப்படைகளாக அமைந்த வரலாறும், அவை ஒவ்வொன்றும் எதிர்கொண்ட இடர்ப்பாடும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன. வகைப்பாட்டை முடிவு செய்யும் அதிகாரம் கணுவிடம் உள்ளதா, மையப் பதிவேட்டிடம் உள்ளதா என்பதே இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழும் சிக்கல் என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: வழங்கி, கணு, வகைப்பாடு, வரையறை, அமைவடிவ மேலாண்மை, சிஎஃப்என்ஜின், பப்பெட், செஃப், சால்ட், ஆன்சிபிள், குபெர்நெட்டீஸ்.

முன்னுரை

கணினி வரலாறு பற்றிய எழுத்துகளில் கண்டுபிடிப்புகள் பெறும் இடத்தைப் பராமரிப்பு பெறுவதில்லை. ஓர் இயந்திரம் உருவான ஆண்டு பதிவாகிறது. அது பல்லாண்டுகள் பழுதின்றி இயங்கக் காரணமான அன்றாட உழைப்பு பதிவாவதில்லை. இவ்வுழைப்பின் பெரும்பகுதி அமைவடிவ மேலாண்மை என்னும் துறைக்குள் அடங்கும். எந்த இயந்திரத்தில் எந்த மென்பொருள் நிறுவப்பட வேண்டும், எந்தக் கோப்பு எவ்வுள்ளடக்கத்துடன் இருக்க வேண்டும், எந்தச் சேவை இயங்க வேண்டும், யாருக்கு நுழைவுரிமை உண்டு என்பனவற்றை முறைப்படுத்தி நிலைநிறுத்துவதே இத்துறையின் பணியாகும்.

'சர்வர்' என்பதற்குத் தமிழில் வழங்கி, சேவையகம் என்னும் இரு சொற்களும் வழக்கில் உள்ளன. இக்கட்டுரை 'வழங்கி' என்பதைக் கையாள்கிறது. மேலாண்மைக் கருவியின் பார்வையில் தனித்து அடையாளம் காணப்படும் ஒவ்வோர் இயந்திரமும் 'கணு' எனப்படுகிறது. ஒரு கணு தனிப் பெட்டியாகவும் இருக்கலாம். ஒரே பெட்டிக்குள் இயங்கும் பல மெய்நிகர் இயந்திரங்களுள் ஒன்றாகவும் இருக்கலாம். கருவிகளின் பெயர்கள் அவற்றின் ஒலிப்பின்படியே எழுதப்பட்டுள்ளன.

வகைப்பாடும் வரையறையும் ஒன்றோடொன்று தொடர்புடையவையெனினும் வேறானவை. 'வலைவழங்கி என்றால் இன்னின்ன மென்பொருள்கள் நிறுவப்பட்டிருக்க வேண்டும்' என்பது வரையறை. 'இந்தப் பன்னிரண்டு கணுக்களும் வலைவழங்கிகள்' என்பது வகைப்பாடு. வரையறை சரியாக இருந்தும் வகைப்பாடு தவறுமாயின், சரியான கட்டளை தவறான இயந்திரத்தில் நிறைவேற்றப்படும். அல்லது உரிய இயந்திரத்தில் நிறைவேற்றப்படாமல் விடுபடும். இவ்வேறுபாட்டைக் கருவிகள் படிப்படியாகவே உணர்ந்தன என்பதை வரலாறு காட்டுகிறது.

பெயர்ப் பட்டியலும் முதல் வகைப்பாடும்

இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இணைந்திருந்த கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் தொகுக்கப்பட்டிருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கிலிருந்த எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் நடுவம் அக்கோப்பைப் பராமரித்தது. அந்நடுவத்துக்குத் தலைமை வகித்தவர் எலிசபெத் ஃபைன்லர். 1982ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான ஆர்.எஃப்.சி. 810 என்னும் ஆவணம் அக்கோப்பின் வடிவத்தை வரையறுத்தது. ஒவ்வொரு பதிவிலும் முகவரி, பெயர் ஆகியவற்றோடு இயந்திரத்தின் செயலி வகை, இயக்கு தளம், அது ஏற்கும் நெறிமுறைகள் ஆகியனவும் இடம்பெற்றன. பெயரைச் சொன்னால் வகையையும் சொல்லும் பட்டியலாக அது இருந்தது எனலாம்.

அப்பட்டியலில் வகை குறித்த தகவலை உரிய நிறுவனங்கள் தெரிவிக்க, நடுவம் பதிவு செய்தது. இயந்திரம் மாற்றப்பட்டும் பதிவு மாற்றப்படாமல் இருக்க வாய்ப்பிருந்தது. வலையமைப்பு வளர வளர ஒரே கோப்பை அனைவரும் படியெடுக்கும் முறை தாங்கவில்லை. 1983 நவம்பரில் பால் மோக்கபெட்ரிஸ் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 882, 883 ஆகிய ஆவணங்கள் களப்பெயர் முறைமையை முன்வைத்தன. அம்முறைமையிலும் செயலி, இயக்கு தளம் ஆகிய இரண்டையும் குறிக்கும் பதிவு வகை ஒன்று தக்கவைக்கப்பட்டது. பெயரோடு வகையையும் சேர்த்து வைக்கும் விருப்பம் இவ்வாறு தொடர்ந்தது.

பெயரே வகையை உணர்த்த வேண்டுமா என்னும் வினாவும் அக்காலத்திலேயே விவாதிக்கப்பட்டது. 1990 ஆகஸ்டில் டான் லைப்ஸ் எழுதி வெளியான ஆர்.எஃப்.சி. 1178, கணினிக்குப் பெயரிடுவது குறித்த அறிவுரைகளைத் தொகுத்தது. ஒரு திட்டத்தின் பெயரை அத்திட்டத்துக்குரிய இயந்திரத்துக்கு இட வேண்டாம் என்பது அவற்றுள் ஒன்று. இயந்திரத்தின் பயன்பாடு மாறும், பெயர் மாறாது. அப்போது பெயர் பொய்யாகிவிடும் என்பதே அதன் உட்கருத்து. நிறங்கள் போன்ற ஏதேனுமொரு தொகுதியிலிருந்து பெயர்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்றும் அவ்வாவணம் கூறியது. பின்னாளில் வணிக நிறுவனங்கள் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தன. இடம், பணி, வரிசையெண் ஆகியவற்றைச் சுருக்கிப் பெயருக்குள் அடைக்கும் வழக்கம் பரவியது. அப்பெயர்களைப் பிரித்துப் படித்து வகையறியும் வேலை கருவிகளின் பொறுப்பாயிற்று.

கைப்பட்டியலும் மையப் பதிவேடும்

1980களில் பல்கலைக்கழகங்களில் பணிநிலையக் கணினிகள் பெருகின. ஒரே கோப்பைப் பல இயந்திரங்களுக்கு அனுப்பும் தேவை எழுந்தது. பெர்க்லி யூனிக்ஸின் 4.3 பதிப்பில் இடம்பெற்ற ஆர்டிஸ்ட் என்னும் கருவி இத்தேவையை நிறைவேற்றியது. நிருவாகி ஒரு கோப்பில் இயந்திரப் பெயர்களின் பட்டியலை எழுதி, அதற்கொரு பெயர் சூட்டி, எந்தக் கோப்புகள் அப்பட்டியலிலுள்ள இயந்திரங்களுக்குச் செல்ல வேண்டும் எனக் குறிப்பிடுவார். இங்கு வகை என்பது கையால் எழுதப்பட்ட பெயர்த் தொகுதியே. சன் நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் சேவையில் இருந்த 'நெட்குரூப்' என்னும் அமைப்பும் இத்தகையதே. அதில் ஒரு குழுவுக்குள் மற்றொரு குழுவை அடக்க முடிந்தது. படிநிலை வகைப்பாட்டின் தொடக்க வடிவமாக இதனைக் கொள்ளலாம்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983இல் தொடங்கிய அத்தீனா திட்டம் வேறொரு வழியைக் காட்டியது. அத்திட்டத்தில் உருவான மொய்ரா என்னும் முறைமை, பயனர்கள், இயந்திரங்கள், சேவைகள் பற்றிய தகவல்களை ஒரே தரவுத்தளத்தில் வைத்தது. வழங்கிகளுக்குத் தேவையான அமைவுக் கோப்புகள் அத்தரவுத்தளத்திலிருந்து உருவாக்கப்பட்டு உரிய இயந்திரங்களுக்கு அனுப்பப்பட்டன. இயந்திரத்தின் கோப்பைத் திருத்துவதற்கு மாற்றாகப் பதிவேட்டைத் திருத்தும் முறை இதன்வழி உருவானது. பதிவேடே உண்மை, இயந்திரம் அதன் நிழல் என்னும் இக்கொள்கை பிற்காலக் கருவிகள் பலவற்றுக்கு அடித்தளமாயிற்று.

1993: ஆஸ்லோவும் எடின்பரோவும்

1993ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் திருப்புமுனையாகும். ஒன்றற்கொன்று மாறான இரு வகைப்பாட்டுக் கொள்கைகள் அவ்வாண்டில் இரு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் செயல்வடிவம் பெற்றன.

ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் ஆய்வாளராக இருந்த மார்க் பர்ஜெஸ், அங்கிருந்த பணிநிலையக் கணினிகளைப் பராமரிக்கும் பொருட்டு சிஎஃப்என்ஜின் என்னும் கருவியை உருவாக்கினார். யூனிக்ஸின் வெவ்வேறு வகைகள் கலந்து இயங்கிய சூழலில், 'இந்த இயக்கு தளமாயின் இவ்வாறு செய், அதுவாயின் அவ்வாறு செய்' என்னும் நிபந்தனைகளால் நிரல்கள் நிறைந்து, படிக்கவியலாத நிலையை அடைந்திருந்தன. பர்ஜெஸ் அந்நிபந்தனைகளை 'வகுப்பு' என்னும் கருத்தாக்கத்துக்குள் கொண்டுவந்தார். கருவி தொடங்கும்போது, தான் இயங்கும் இயந்திரத்தின் இயக்கு தளம், பெயர், வலையமைப்பு முகவரி, கிழமை, மணி ஆகியவற்றைத் தானே கண்டறிந்து அவற்றை வகுப்புகளாக அறிவிக்கும். நிருவாகி தாமும் புதிய வகுப்புகளை வரையறுக்கலாம். புள்ளி, செங்குத்துக் கோடு, வியப்புக்குறி ஆகிய குறிகளால் வகுப்புகளை 'உம்', 'அல்லது', 'அன்று' என்னும் பொருளில் இணைக்கலாம். 'லினக்ஸாகவும் இருந்து, இன்று திங்கட்கிழமையாகவும் இருந்தால்' என்னும் நிபந்தனை ஒரே வரியில் அடங்கியது.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, அனைத்துக் கணுக்களும் ஒரே கொள்கைக் கோப்பைப் படித்தன. தனக்குரிய பகுதி எது என்பதை ஒவ்வொரு கணுவும் தானே முடிவு செய்தது. இரண்டாவது, காலமும் வகைப்பாட்டின் கூறாயிற்று. காலையில் ஒரு வகுப்பைச் சேர்ந்த கணு, இரவில் வேறொரு வகுப்பையும் சேர்ந்ததாக இருக்கலாம். ஒரு கணு ஒரே நேரத்தில் பல வகுப்புகளைச் சேர்ந்திருப்பதே இயல்புநிலை எனக் கொள்ளப்பட்டது. எத்தனை முறை இயக்கினாலும் கணு தனக்கு விதிக்கப்பட்ட நிலையை நோக்கியே நகர வேண்டும் என்னும் 'குவிதல்' கொள்கையும் இக்கருவியால் வலுப்பெற்றது.

அதே காலத்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் பால் ஆண்டர்சன் எல்.சி.எஃப்.ஜி. என்னும் முறைமையை உருவாக்கினார். 1994இல் லிசா மாநாட்டில் அவர் இது குறித்த கட்டுரையை வழங்கினார். இம்முறைமையின் வளர்ச்சியில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் மையத்தில் ஒரு மூலக் கோப்பு அமைந்தது. வன்பொருள் வகை, இயக்கு தளப் பதிப்பு, பயன்படுத்துவோர் ஆகியவற்றுக்கெனத் தனித்தனியே எழுதப்பட்ட பொதுக் கோப்புகளை அம்மூலக் கோப்பு தன்னுள் சேர்த்துக்கொள்ளும். இவை அனைத்தும் மையத்திலேயே தொகுக்கப்பட்டு அந்த இயந்திரத்துக்குரிய முழுவடிவம் உருவாகும். கணு தன் வகையைத் தேடுவதில்லை. மையம் சொல்வதை ஏற்கிறது.

ஆஸ்லோவில் கணு தன்னைத் தானே வகைப்படுத்தியது. எடின்பரோவில் மையம் அதனை வகைப்படுத்தியது. பின்னர் வந்த கருவிகள் அனைத்தும் இவ்விரு முனைகளுக்கு இடையில் எங்கேனும் நிலைகொண்டவையே. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் உருவான பிசிஎஃப்ஜி2 எடின்பரோவின் பக்கம் நின்றது. அதில் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு முதன்மைக் குழு மையத்தில் ஒதுக்கப்பட்டது. அக்குழு பிற குழுக்களை உள்ளடக்கியது. பர்ஜெஸ் தம் நிலைப்பாட்டைக் கோட்பாடாகவே வளர்த்தார். 2005இல் அவர் முன்வைத்த வாக்குறுதிக் கோட்பாடு, தன்னாட்சியுடைய ஒரு கூறு தன் நடத்தை குறித்து மட்டுமே வாக்களிக்க முடியும், பிறவற்றின் நடத்தை குறித்து வாக்களிக்க முடியாது என்று கூறியது.

பப்பெட்: பெயரிலிருந்து வெளி வகைப்படுத்திக்கு

சிஎஃப்என்ஜினுடன் பணியாற்றிய பட்டறிவு உடைய லூக் கேனிஸ், 2005இல் பப்பெட் என்னும் கருவியை வெளியிட்டார். வரையறைக்கெனத் தனி மொழி ஒன்றை இக்கருவி கொண்டிருந்தது. 'வகுப்பு' என்னும் சொல் இங்குப் பொருள் மாற்றம் அடைந்ததைக் கவனித்தல் வேண்டும். சிஎஃப்என்ஜினில் வகுப்பு என்பது கணுவைப் பற்றிய ஒரு கூற்று. பப்பெட்டில் வகுப்பு என்பது கணுவின் மீது செயற்படுத்தப்பட வேண்டிய அமைவுகளின் தொகுதி. முன்னது வகைப்பாட்டுச் சொல். பின்னது வரையறைச் சொல். ஒரே சொல் இரு கருவிகளில் இவ்வேறுபாட்டின் இரு பக்கங்களையும் குறித்தது.

பப்பெட்டில் கணுவையும் வகுப்பையும் இணைத்தது பெயர். மையக் கோப்பில் கணுவின் பெயரை எழுதி, அதற்குரிய வகுப்புகளை அதன்கீழ்க் குறிப்பிட வேண்டும். முழுப்பெயருக்குரிய வரையறை இல்லையாயின், பெயரின் இறுதிப் பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கிக் கருவி தேடும். எதுவும் பொருந்தாவிடில் 'இயல்நிலை' வரையறையை எடுத்துக்கொள்ளும். கணுக்கள் பெருகியபோது 2009இல் வெளியான 0.25 பதிப்பு, எழுத்துருப் பாங்கின்வழிப் பெயர்களைப் பொருத்தும் வசதியைச் சேர்த்தது. பெயருக்குள் பணியை அடைத்துவைத்த நிறுவனங்களுக்கு இது பெரிதும் பயன்பட்டது. ஆனால் ஆர்.எஃப்.சி. 1178 சுட்டிய இடரும் இதனுடன் திரும்பிவந்தது. பெயரிடும் மரபிலிருந்து ஓரெழுத்து பிறழ்ந்தால் கணு வேறு வகைக்குள் விழுந்துவிடும்.

ஒரு கணு மற்றொரு கணுவின் வரையறையை மரபுரிமையாகப் பெறும் வசதியும் தொடக்கத்தில் இருந்தது. 'அடிப்படைக் கணு', அதன் வழித்தோன்றலாக 'வலைக்கணு' என அமைப்பது எளிதாகத் தோன்றியது. நடைமுறையில் சிக்கல் எழுந்தது. தாய்க்கணுவில் சேர்க்கப்பட்ட வகுப்பு, சேய்க்கணு தன் மாறிகளுக்கு மதிப்பிடுவதற்கு முன்னரே மதிப்பிடப்பட்டது. ஆகவே சேய்க்கணு செய்த மாற்றம் பயனற்றுப் போயிற்று. கணு மரபுரிமை 3.7 பதிப்பில் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டு, 2015இல் வெளியான 4ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. உயிரின வகைப்பாட்டைப் போன்ற ஒற்றைக் கிளைமரம் இயந்திரங்களுக்குப் பொருந்தவில்லை என்பதற்கு இது தக்க சான்று. ஒரு வழங்கி அதன் இடத்தால் ஒரு குழுவிலும், இயக்கு தளத்தால் மற்றொரு குழுவிலும், பணியால் வேறொரு குழுவிலும் இருக்கிறது. இவற்றுள் ஒன்று மற்றொன்றின் கிளையன்று.

வகைப்பாட்டை வரையறையிலிருந்து முற்றிலும் பிரித்தது 'புறக் கணு வகைப்படுத்தி' என்னும் ஏற்பாடாகும். கணுவின் பெயரைப் பெற்றுக்கொண்டு, அதற்குரிய வகுப்புகள், மதிப்புகள், சூழல் ஆகியவற்றைக் குறித்த வடிவில் திருப்பித் தரும் எந்த நிரலும் இப்பணியைச் செய்யலாம். அந்நிரல் தரவுத்தளத்தைக் கேட்கலாம். நிறுவனத்தின் சொத்துப் பதிவேட்டைக் கேட்கலாம். இதனால் வகைப்பாட்டைச் செய்பவரும் வரையறையை எழுதுபவரும் வெவ்வேறானவர்களாக இருக்க முடிந்தது.

2012இல் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஆர்.ஐ. பீனார் உருவாக்கிய ஹைரா, பப்பெட்டின் 3ஆம் பதிப்புடன் இணைக்கப்பட்டது. கணுவுக்கே உரிய மதிப்பு, சூழலுக்குரிய மதிப்பு, இயக்கு தளத்துக்குரிய மதிப்பு, பொது மதிப்பு என்னும் வரிசையில் தேடி, முதலில் கிடைப்பதைத் தருவது ஹைராவின் அடிப்படை இயல்பு. தனிமரமாக நிற்காத வகைப்பாட்டுக்கு முன்னுரிமை வரிசை இங்குத் தீர்வாயிற்று. அதே ஆண்டில் கிரெய்க் டன் 'பணியும் புரொஃபைலும்' என்னும் வடிவமைப்பை முன்வைத்தார். ஒரு கணுவுக்கு ஒரே பணி. ஒரு பணி பல புரொஃபைல்களால் ஆனது. ஒரு புரொஃபைல் ஒரு தொழில்நுட்பத்தின் அமைவுகளைத் தொகுப்பது. இரு வலைவழங்கிகள் சிறிதளவு வேறுபடினும் அவை இரு வேறு பணிகளாகவே கருதப்பட வேண்டும் என்பது அதன் விதி. நிறுவனத்தின் தொழில் மொழியில் கணுவுக்குப் பெயர் சூட்டும் முயற்சியாக இது அமைந்தது.

செஃப், சால்ட், ஆன்சிபிள்

2009 சனவரியில் ஆடம் ஜேக்கப்பும் அவருடைய ஆப்ஸ்கோட் நிறுவனத்தாரும் செஃப் என்னும் கருவியை வெளியிட்டனர். இதில் ஒவ்வொரு கணுவும் மைய வழங்கியில் ஒரு பதிவுருவாகச் சேமிக்கப்படும். அப்பதிவில் கணு கண்டறிந்த பண்புகளும், அதற்குரிய 'இயக்கப் பட்டியலும்' இருக்கும். பணிகளையும் செய்முறைகளையும் வரிசையாகக் கொண்டது இப்பட்டியல். பதிவுகளைத் தேடும் வசதி செஃப்பின் தனிச்சிறப்பு. சுமைபகிர்வி ஒன்று, 'வலைவழங்கிப் பணியுடைய கணுக்கள் யாவை' என மையத்தைக் கேட்டு, விடையைக் கொண்டு தன் கோப்பை எழுதிக்கொள்ளலாம். வகைப்பாடு கணுவுக்கு ஆணையிட மட்டுமன்றிப் பிற கணுக்கள் அதனைக் கண்டறியவும் பயன்பட்டது.

தாமஸ் ஹேட்ச் 2011இல் வெளியிட்ட சால்ட், கணு அறிவிக்கும் பண்புகளைக் 'கிரெயின்' என்றும், மையம் கணுவுக்கு வழங்கும் தரவைப் 'பில்லர்' என்றும் பெயரிட்டுத் தனித்தனியே வைத்தது. ஆஸ்லோ, எடின்பரோ கொள்கைகள் ஒரே கருவிக்குள் இரு பெயர்களுடன் அருகருகே இடம்பெற்றதாக இதனைக் கருதலாம். கணுப்பெயரின் பாங்கு, கிரெயின், இவற்றின் கூட்டு ஆகிய எதனைக் கொண்டும் கணுக்களைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

மைக்கேல் டிஹான் 2012இல் வெளியிட்ட ஆன்சிபிள், கணுவில் எந்த முகவர் நிரலும் நிறுவாமல் எஸ்.எஸ்.எச். இணைப்பின்வழி இயங்கியது. அதனால் கணு தன்னை அறிவித்துக்கொள்ளும் வரை காத்திருக்க இயலாது. எந்தக் கணுக்கள் உள்ளன என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 'இருப்புப் பட்டியல்' இவ்வாறு கருவியின் மையமாயிற்று. சதுர அடைப்புக்குள் குழுவின் பெயர். அதன்கீழ் வரிக்கு ஒன்றாகக் கணுக்களின் பெயர்கள். ஆர்டிஸ்ட் காலத்துக் கைப்பட்டியல் புதுவடிவில் திரும்பியது என்று கூறத் தோன்றும். ஆயினும் ஒரு கணு பல குழுக்களில் இருக்கலாம், குழுக்கள் குழுக்களை அடக்கலாம், பட்டியலுக்குப் பதிலாக ஒரு நிரலை வைத்து இயங்கும் நேரத்திலேயே பட்டியலைப் பெறலாம் என்பவை அதனை முன்னதினும் விரிவுபடுத்தின.

விடுபட்ட ஒரு வழங்கி

வகைப்பாட்டில் நேரும் தவறு எத்தகைய விளைவைத் தரும் என்பதை 2012 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் நடந்த நிகழ்வு காட்டியது. நைட் கேப்பிட்டல் என்னும் வணிக நிறுவனம் தன் எட்டு வழங்கிகளில் புதிய நிரலை நிறுவ வேண்டியிருந்தது. ஏழில் நிறுவப்பட்டது; ஒன்று விடுபட்டது. விடுபட்ட வழங்கியில், பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டும் அழிக்கப்படாத பழைய நிரற்பகுதி புதிய கட்டளைகளால் உயிர்பெற்றது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் இலட்சக்கணக்கான தவறான பரிவர்த்தனைகள் நிகழ்ந்தன. அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு ஆணையின்படி இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல்.

அவ்வாணை பதிவு செய்துள்ள மற்றொரு செய்தி இங்குக் கருதத்தக்கது. இடரைத் தீர்க்க முயன்றவர்கள், சரியாக நிறுவப்பட்டிருந்த ஏழு வழங்கிகளிலிருந்தும் புதிய நிரலை நீக்கினர். அதனால் நிலை மேலும் மோசமடைந்தது. எந்த இயந்திரம் எந்நிலையில் உள்ளது என்பதைக் காட்டும் நம்பகமான பதிவு இல்லாத சூழலில், நெருக்கடி நேரத்தில் சரியானது எது, தவறானது எது என்று பிரித்தறிவது இயலாமற் போகும். 'இவ்வகையைச் சேர்ந்த கணுக்கள் எட்டு. எட்டும் ஒரே நிலையில் உள்ளனவா' என்னும் வினாவுக்கு விடையளிக்கும் ஏற்பாடே வகைப்பாடும் வரையறையும் இணைந்த அமைவடிவ மேலாண்மையாகும். கையால் படியெடுக்கும் முறையில் அவ்வினாவை எழுப்புவதும் மனிதரின் நினைவாற்றலைச் சார்ந்தே இருந்தது.

பெயரிழந்த கணுக்கள்

2006இல் அமேசான் நிறுவனம் தன் ஈசி2 சேவையைத் தொடங்கியபோது, சில நிமிடங்களில் தோன்றிச் சில மணி நேரத்தில் மறையும் கணுக்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியை அச்சேவையே வழங்கியது. பெயர் சூட்டிப் பேணும் செல்லப்பிராணிகளாக இருந்த வழங்கிகள், எண்ணிட்ட மந்தையாக மாறியதாகத் தொழில்துறையில் உவமை கூறப்பட்டது. பெயரில் பொருள் இல்லாதபோது பெயரைக் கொண்டு வகைப்படுத்த முடியாது. 2010இல் ஈசி2 சேவையில் 'டேக்' என்னும் ஒட்டுக்குறிகள் அறிமுகமாயின. 'பணி – வலை', 'சூழல் – சோதனை' என்றவாறு குறியும் மதிப்புமாக ஒட்டப்பட்ட அவற்றை ஆன்சிபிளின் மாறும் இருப்புப் பட்டியல்கள் படித்துக் குழுக்களை உருவாக்கின.

2014இல் கூகுள் அறிவித்த குபெர்நெட்டீஸ் இப்போக்கை முழுமையாக்கியது. அதில் கணு உட்பட ஒவ்வொரு கூறுக்கும் 'லேபிள்கள்' ஒட்டப்படும். தேர்வி என்னும் நிபந்தனை, அந்த நேரத்தில் எவை பொருந்துகின்றனவோ அவற்றை எடுத்துக்கொள்ளும். முன்னிருந்த போர்க் என்னும் உள்முறைமையில் 'வேலை' என்பது மட்டுமே குழுவாக்க வழியாக இருந்ததன் குறைபாட்டைக் கூகுள் பொறியாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் சுட்டி, லேபிள்களை அதற்கு மாற்றாக விளக்கினர். குழு என்பது நிலையான பட்டியலாக இராமல் ஒவ்வொரு முறையும் கேட்கப்படும் வினாவாயிற்று.

தற்கூற்றும் நம்பகமும்

கணு தன் பண்புகளைத் தானே அறிவிக்கும் முறையில் பாதுகாப்பு இடர் ஒன்று தொடக்கம் முதலே மறைந்திருந்தது. ஊடுருவப்பட்ட கணு பொய்யுரைக்கலாம். வலைவழங்கியாக உள்ள ஒரு கணு, தன்னைத் தரவுத்தள வழங்கி என்று அறிவித்தால், தரவுத்தளத்துக்குரிய கடவுச்சொற்களை மையம் அதற்கு அனுப்பிவிடக்கூடும். சிஎஃப்என்ஜினின் தொடக்ககாலச் சூழலில் கொள்கைக் கோப்பு அனைவருக்கும் பொதுவானதாகையால் இது பெரிதாக உணரப்படவில்லை. மறைபொருள்களை மையம் பகிர்ந்தளிக்கத் தொடங்கியபோது இவ்விடர் வெளிப்பட்டது.

கருவிகள் இதனை வெவ்வேறு வழிகளில் எதிர்கொண்டன. கிரெயின்களைக் கணுவின் நிருவாகி மாற்ற முடியுமாகையால், மறைபொருள் அடங்கிய பில்லர் தரவை அவற்றைக் கொண்டு ஒதுக்க வேண்டாம் எனவும், மையத்தின் ஒப்புதல் பெற்ற திறவுகோலுடன் பிணைந்த கணுப்பெயரையே நம்பலாம் எனவும் சால்ட்டின் ஆவணங்கள் எச்சரித்தன. 2013 இறுதியில் வெளிவந்த பப்பெட் 3.4 பதிப்பு 'நம்பகப் பண்புகள்' என்னும் பிரிவை உருவாக்கியது. அவை கணுவின் வாய்மொழியிலிருந்து பெறப்படாமல், மையம் கையொப்பமிட்ட சான்றிதழிலிருந்து பெறப்படுபவை. கணுவின் பணியையும் சான்றிதழுக்குள் பொறிக்க இயன்றது. குபெர்நெட்டீஸும், கணு தன் மீது தானே ஒட்டிக்கொள்ளக் கூடாத லேபிள்களுக்கென ஒரு தனி முன்னொட்டை ஒதுக்கியது. ஊடுருவப்பட்ட கணு தன்னைப் பாதுகாப்பு மிக்கதெனக் காட்டி மறைபொருள் கையாளும் பணிகளைத் தன்பால் ஈர்ப்பதைத் தடுப்பது அதன் நோக்கம்.

இத்தீர்வுகள் சிக்கலை முற்றிலும் நீக்கவில்லை. அதனை வேறிடத்துக்கு நகர்த்தின. சான்றிதழில் பணி பொறிக்கப்படுமாயின், அச்சான்றிதழில் கையொப்பமிடும் கணமே வகைப்பாட்டின் கணமாகிறது. கையொப்பத்தைத் தானியங்கி நிரலிடம் நிபந்தனையின்றி விட்டுவிட்டால், கணுவின் தற்கூற்றையே மீண்டும் நம்பியதாகும். மேலும் சான்றிதழ் எளிதில் மாறாதது. ஆகவே பணி மாறினால் கணுவை அழித்துப் புதிதாக உருவாக்குவதே எளிய வழியாகிறது. செல்லப்பிராணி மந்தையாக மாறியதற்கு விரைவும் செலவும் மட்டுமன்றி, நம்பகத்தின் இத்தேவையும் துணைநின்றது எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

1982ஆம் ஆண்டின் பெயர்ப் பட்டியல் முதல் குபெர்நெட்டீஸின் லேபிள் வரையிலான இவ்வரலாற்றில், பெயர், பண்பு, பணி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அகற்றிவிடவில்லை. புதிய அடிப்படை வந்த பின்னும் பழையது வேறொரு கடமையை ஏற்றது. பணியை உணர்த்தும் கடமையை இழந்த பெயர், திறவுகோலுடன் பிணைந்த அடையாளமாக மீண்டது. பண்பு, இயக்கு தளம் போன்று பொய்யுரைப்பதால் பயனில்லாதவற்றுக்கு இன்றும் ஏற்ற அடிப்படையாக உள்ளது. உரிமையையும் மறைபொருளையும் தீர்மானிக்கும் வகைப்பாடு மட்டும் கணுவின் கையிலிருந்து மையத்தின் கைக்கு மாறியது.

வகைப்பாட்டையும் வரையறையையும் பிரித்தது இத்துறையின் முதன்மையான அறிவுப் பேறு. கணு மரபுரிமையின் தோல்வியும், புறக் கணு வகைப்படுத்தி, ஹைரா ஆகியவற்றின் வெற்றியும் அப்பிரிவின் தேவையை உறுதிப்படுத்துகின்றன. 1993இல் ஆஸ்லோவும் எடின்பரோவும் எழுப்பிய வினா, கருவிகள் மாறியும் மாறாதுள்ளது. ஓர் இயந்திரம் இன்னது என்று சொல்பவர் யார், அச்சொல்லை ஏற்பவர் எதனால் ஏற்கிறார் என்பதை வரையறுக்காத எந்த வகைப்பாடும், விடுபட்ட எட்டாவது வழங்கியைக் காணாமலேயே கடந்து செல்லும்.